மதியத் தூக்கத்துக்கு ஏழு மதிப்பெண்

“தூங்கினா மார்க் ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் இயக்குநர் அம்மா.

“ஏறும் மேடம்” என்றார் தசமம்.

“நல்லது.”

“ஏறாது மேடம்.”

இயக்குநர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். தசமம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மறுபடி எழ வழியில்லாமல் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

கல்வி ஆய்வு அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் புள்ளிவிவரம் பார்ப்பவர் அவர். ‘வீட்டுல எத்தனை பேர்?’ என்று யாரோ கேட்டதற்கு, ‘விருந்தாளிங்களையும் சேர்த்துச் சராசரியா மூணு புள்ளி ரெண்டு’ என்று பதில் சொன்ன நாளிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருடமாக இருபது பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிடம் ‘தூக்க வகுப்பு’ நடந்துவந்தது. சில பிள்ளைகள் திரை போட்ட அறையில் படுத்துத் தூங்குவார்கள். மற்றவர்கள் அதே நேரத்தில் வழக்கமான வகுப்பில் இருப்பார்கள். தூங்கியவர்களுக்குக் கணக்கு கூடுதலாக வருகிறதா என்பதுதான் கேள்வி.

யார் தூங்குவது என்று பத்துப் பள்ளிகளில் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். குலுக்கலுக்கு ஓரவஞ்சனை தெரியாது. அதனால் அது சொல்லும் பதிலே உரைகல். மற்றப் பத்துப் பள்ளிகளில் பெற்றோர் குலுக்கலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஒரு கோடு கிழித்தார்கள். வருட ஆரம்பப் பரீட்சையில் நாற்பதுக்குக் கீழே வாங்கியவர்கள் தூங்கலாம். நாற்பதும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் விழித்திருக்க வேண்டும்.

இந்தக் கோட்டு முறை தசமத்தின் செல்லப்பிள்ளை. முப்பத்தொன்பது வாங்கிய பிள்ளைக்கும் நாற்பது வாங்கிய பிள்ளைக்கும் அறிவில் என்ன பெரிய வித்தியாசம்? அன்றைக்குப் பேனா எழுதியது, எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு மதிப்பெண்ணால் ஒன்று தூங்கியது, ஒன்று விழித்திருந்தது. வருடக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தூக்கத்தின் பலன் தெரிந்துவிடும். குலுக்கல் முடியாத இடத்திலெல்லாம் கோடு போதும் என்று அவர் பதினாறு வருடமாகச் சொல்லிவந்தார். இப்போதுதான் முதல்முறையாக அதை உரைகல்லில் உரசிப் பார்க்கிறார்கள்.

குலுக்கல், ஏழு மதிப்பெண் கூடுகிறது என்றது. கோடு, ஒன்றுமே கூடவில்லை என்றது.

“வெள்ளிக்கிழமை கல்விக் குழு கூடுது” என்றார் இயக்குநர் அம்மா. “எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் படுக்கை வாங்கறதா வேணாமான்னு அன்னிக்கு முடிவு. ரெண்டு முறையும் ஒரே பதிலைச் சொல்லணும். சொல்ல வையுங்க.”

“கணக்கைப் போய் எப்படி மேடம் சொல்ல வைக்கிறது?”

“பதினாறு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

தசமத்துக்குத் தூக்கத்தைப் பற்றிய கவலையைவிடப் பாட்டைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கோட்டை வைத்துத்தான், பள்ளிகளில் பாட்டு வகுப்பால் ஒரு பலனும் இல்லை என்று அவர் அறிக்கை எழுதினார். அடுத்த மாதமே பாட்டு வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு வாத்தியார் வந்து சேர்ந்த வீடு தசமத்தின் வீடு. அவர் தசமத்தின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

மச்சான் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதுவார்; சாப்பிடக் கூப்பிட்டால் வருவார்; பாத்திரம் கழுவிக் கொடுப்பார். அவர் ஒரு தடவையாவது திட்டியிருந்தால் தசமத்துக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை தசமம் வீட்டுக்குள் நுழைந்ததும், “என்ன மாப்ளே, உங்க பிள்ளைங்க தூங்கறாங்களா?” என்று கேட்டார் மச்சான்.

“தூங்கறாங்க மச்சான். கோடுதான் முழிச்சிட்டிருக்கு.”

தபால் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மனைவி, கைப்பையைக்கூட வைக்காமல் அப்படியே நின்றாள்.

“என்னங்க, கோட்டுல தப்பு இருக்கலாமா?”

“இருக்கலாம்னு சொல்லலை. இருக்காதுன்னும் சொல்லலை.”

“அப்போ எங்க அண்ணனுக்கு வேலை போனது?”

தசமம் முகம் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு வெகுநேரம் கழுவினார். முகத்தில் அத்தனை அழுக்கு இல்லை.

அந்த வாரம் முழுக்க அலுவலகமே தரையில் கால் பாவாமல் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக்குப் பதினெட்டு தடவை ‘தூக்கம்’ என்று வரும் அறிக்கையை யார் கையில் எடுத்தாலும் மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விட்டார்கள். தட்டச்சு செய்யும் பெண் கொண்டுவந்து கொடுத்த ஒரு தாளில் ‘ழ’ என்ற எழுத்து மட்டும் முப்பது வரிக்கு வந்திருந்தது. அவள் நெற்றியின் இடப்பக்கத்தில் விசைப்பலகையின் நாலு சதுரம் பதிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. தூக்கத்தையே பகலெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த தசமத்துக்கு மட்டும் வீட்டில் படுத்தால் கண் மூடவில்லை. மூடினால் இமைக்குள் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முப்பத்தொன்பது நின்றது. அந்தப் பக்கம் நாற்பது. இரண்டும் அவரையே பார்த்தன.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. கோட்டுப் பள்ளி ஒன்றில் முப்பத்தொன்பது வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். நாற்பது வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பள்ளி ஆசிரியையைத் தொலைபேசியில் பிடித்தார்.

“சார், நீங்க அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாத்திருக்கணும்” என்றார் ஆசிரியை. “அசதியில சொக்கிப்போய் உக்காந்திருந்துச்சுங்க. ஒரு மார்க்தானே, எடுத்துட்டேன்.”

இன்னொரு பள்ளியில் கோட்டை ஒட்டி நின்ற எல்லோரும் சரியாக நாற்பது.

“பெத்தவங்க சண்டைக்கு வந்துட்டாங்க சார். என் பிள்ளை என்ன தூங்குமூஞ்சியான்னு கேக்கறாங்க. ஒரு மார்க்தானே, போட்டுட்டேன்” என்றார் அந்தப் பள்ளி ஆசிரியர்.

தசமம் உற்சாகமானார். கோட்டில் தப்பில்லை, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் யாரோ தூக்கி இடம் மாற்றியிருக்கிறார்கள். கோட்டை ஒட்டி நின்ற பிள்ளைகளையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி போட்டார்.

இப்போது, தூங்கினால் நாலு மதிப்பெண் குறைந்தது.

“முன்னாடியாவது பூச்சியம் இருந்துச்சு” என்றார் இயக்குநர் அம்மா. “அதையே வெச்சிருக்கலாம்.”

வீட்டில் விஷயத்தைச் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தே வாங்கிவிட்டாள். கோட்டில் ஆசிரியர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மச்சான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். அந்த வாசனை வீடு முழுக்க வந்தது. தசமம் தட்டில் இருந்ததை எண்ணி எண்ணிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் கோட்டையே தூர வைத்தார். புது வழி: கோட்டுப் பள்ளிகளில் தூங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு பள்ளிகளில் தூங்காத பிள்ளைகளில் ஒரு ஜோடியைத் தேடுவது. அதே வயது, அதே மதிப்பெண், வீட்டுக்கும் பள்ளிக்கும் அதே தூரம். பெண் பார்க்கும் தரகர் ஜாதகக் கட்டோடு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து, காலையிலிருந்து மதியம் வரை எழுநூறு ஜோடி சேர்த்தார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு விடையைக் காட்டியது.

ஏழு புள்ளி ஒன்று. குலுக்கல் சொன்ன அதே எண்.

தசமம் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சந்தோஷத்தில் பழைய பாட்டு வகுப்புத் தரவையும் எடுத்து அதே முறையில் போட்டார். பாட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு மொழிப்பாடத்தில் பதினொரு மதிப்பெண் கூடியிருந்தது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். “மச்சான், பாட்டு வேலை செய்யுது. பதினொண்ணு!”

“என்ன தாளத்துல மாப்ளே?”

“மார்க் மச்சான், மார்க்!”

போனை வைத்த பிறகுதான் பழக்கதோஷம் தலைகாட்டியது. ஒரு கணக்கு முறை உண்மை சொல்கிறதா என்று பார்க்க, அதனிடம் விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பார் தசமம். தூக்க வகுப்பு, அது ஆரம்பிப்பதற்கு முந்தின வருடமே அளந்த பிள்ளைகளின் உயரத்தை மாற்றியிருக்க முடியுமா? முடியாது. ஆகவே பூச்சியம் வரவேண்டும்.

இரண்டு சென்டிமீட்டர் வந்தது.

“புரியலை” என்றார் இயக்குநர் அம்மா.

“இனிமே தூங்கப் போறவங்க, போன வருஷமே வளர்ந்துட்டாங்க மேடம்.”

“நல்ல விஷயம்தானே?”

“நடக்க முடியாத விஷயம் மேடம். ஜோடி சேர்த்ததுல எங்கேயோ கோளாறு.”

உயரத்தையும் பொருத்தத்தில் சேர்த்து மறுபடி ஜோடி தேடினார். உயரம் சரியாகிவிட்டது. ஆனால் தூங்கிய பிள்ளைகளுக்கு அக்காக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது.

இயக்குநர் அம்மா பதறிப்போனார். “அக்காங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை மேடம். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. கணக்குலதான் குறையறாங்க.”

அக்காக்களைச் சரிசெய்தால் தூக்கம் பத்தொன்பது மதிப்பெண் தந்தது. பத்தொன்பதைக் குறைக்கப் போனால் பிள்ளைகளின் வீடுகள் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நகர்ந்தன. கட்டிலுக்கு எட்டாத போர்வைபோல, தலைக்கு இழுத்தால் கால் தெரிந்தது. காலுக்கு இழுத்தால் தலை தெரிந்தது.

அன்று மாலை கதவைத் திறந்தது மச்சான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, புல்லாங்குழலை உறையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தார். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறதுபோல ஒரு முகம்.

“மச்சான்” என்றார் தசமம், செருப்பைக்கூடக் கழற்றாமல். “அந்தப் பதினொண்ணு சரியில்லை.”

“கூடவா, குறைச்சலா?”

“தெரியலை. அந்த முறையே சரியில்லை. அது பாட்டு கத்துக்கிட்டா கூடப்பொறந்தவங்க குறைவாங்கன்னு சொல்லுது.”

மச்சான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“எனக்கு ஒரே தங்கச்சி மாப்ளே. அவளையும் கணக்குல குறைச்சிடாதீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே மனைவி கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்த சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலை இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நீங்க எப்பவாவது போய்ப் பாத்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எதை மேடம்?”

“பிள்ளைங்க தூங்கறதை.”

தசமம் யோசித்தார். மூன்று வருடத்தில் நாலாயிரம் பிள்ளைகளின் தூக்கம் அவர் மேசையைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு பிள்ளை தூங்கியும் அவர் பார்த்ததில்லை.

குலுக்கல் பள்ளிகளிலேயே அதிகம் முன்னேறிய பள்ளிக்கு மதியம் போய்ச் சேர்ந்தார். வெயில் மைதானத்தில் அசையாமல் கிடந்தது. தாழ்வாரத்தில் ஒரு குழாய் சொட்டுச் சொட்டாகச் சிந்திக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு வகுப்பில் எதையோ சேர்ந்து ஒப்பித்தார்கள். தூரத்தில் கேட்டபோது அது தேனீ ரீங்காரம்போல இருந்தது. நடக்க நடக்கத் தசமத்தின் கால்கள் தாமதமாக வந்து சேர்ந்தன.

தூக்க அறை வாசலில் ஆயா நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் தலையணை உறைகள்.

“தலைமை ஆசிரியர் சொன்னாரு. நீங்க வாங்க சார், கதவை நான் தொறக்கறேன். அது கொஞ்சம் முனகும்.”

கதவு கொஞ்சம் முனகவில்லை. ஒரு முழு வாக்கியம் பேசியது. அது பேசி முடித்த பிறகுதான் உள்ளே பார்க்க முடிந்தது.

நீலத் திரைகள் வழியாக வந்த வெளிச்சம் அறையைத் தண்ணீருக்கடியில் வைத்திருந்தது. முப்பது சின்னப் படுக்கைகள். கழுத்துவரை போர்த்திய முப்பது பிள்ளைகள். மூடிய கண்கள். மின்விசிறி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் யோசித்து யோசித்துச் சுழன்றது. சில பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தனை அசதி என்று தசமத்துக்கு மனசு இளகிவிட்டது.

கோடியில் கூடுதலாக ஒரு படுக்கை காலியாக இருந்தது. குறிப்பெடுக்க அதன் விளிம்பில் உட்கார்ந்தார். ‘முப்பது பேர். அமைதி’ என்று எழுதினார். மூன்றாவது சொல்லுக்குப் பேனா நகரவில்லை. முதுகை ஒரு நிமிடம் சாய்க்கலாம் என்று தோன்றியது.

கனவில் ஒரு பெரிய மணல்வெளி வந்தது. நடுவில் ஒரு கோடு. முப்பத்தொன்பது மெதுவாக வந்து கோட்டைக் காலால் அழித்தது. நாற்பது அதற்கு உதவி செய்தது. எங்கிருந்தோ மச்சானின் குழல் கேட்டது. கணக்கில் காணாமல்போன அக்காக்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக, தலையில் ஈரம் சொட்ட, ஒரு ஆற்றிலிருந்து ஏறி வந்தார்கள். யாருக்கும் எந்தக் கோபமும் இல்லை. தசமம் அவர்களை எண்ணவில்லை.

மணி அடித்தபோது கண் விழித்தார். படுக்கைகள் காலியாக இருந்தன. யாரோ அவருக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டிருந்தார்கள். ஆயா ஒரு மூலையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

தலைக்குள் அப்படி ஒரு தெளிவு. மழை பெய்து ஓய்ந்த தெருபோல எல்லாம் பளிச்சென்று இருந்தது. இதற்குப் போய் எழுநூறு ஜோடியா? நாற்பது நிமிடத் தூக்கம் ஒரு நாற்பத்தெட்டு வயது ஆளை இப்படிக் கழுவித் துடைக்குமென்றால் பிள்ளைகளுக்கு ஏழு மதிப்பெண் கூடாதா? குலுக்கல் சொன்னது சத்தியம். தப்பு கோட்டில்தான். பதினாறு வருடம் காதலித்த கோட்டை அவர் அந்த நிமிடமே கைவிட்டார். வலிக்கவில்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது.

படுக்கையில் உட்கார்ந்தபடியே இயக்குநர் அம்மாவைக் கூப்பிட்டார்.

“மேடம், தூக்கம் வேலை செய்யுது. நான் சாட்சி. ஏழு மார்க்.”

“ஏழு புள்ளி?”

“புள்ளி வேணாம் மேடம். முழு ஏழு. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் படுக்கை வாங்கச் சொல்லுங்க.”

“அப்போ கோட்டு முறை?”

“அது நம்பக் கூடாத முறை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“பாட்டு வகுப்பு அறிக்கையும் அதை வெச்சுதானே எழுதினீங்க?”

“அதையும் திரும்ப வாங்கிக்கறேன் மேடம்.”

“குழுத் தலைவர் எதிர்லதான் உக்காந்திருக்கார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்” என்றார் இயக்குநர் அம்மா. “எழுதிக்கிட்டார்.”

அடுத்து வீட்டுக்கு. இரண்டாவது மணியிலேயே மச்சான் எடுத்தார்.

“மச்சான், மூணு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என் கணக்கு தப்பு. உங்களுக்கு அநியாயம் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க.”

குழலில் ஒரு துளையை மூட மறந்ததுபோல அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

“மாப்ளே, சாப்டீங்களா?” என்று கேட்டார் மச்சான்.

தசமத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். தாம் படுத்த விரிப்பைத் தாமே மடித்து ஆயாவிடம் கொடுத்தார்.

“உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும். முப்பது பிள்ளைங்க இவ்வளவு நிம்மதியா தூங்கறதைக் கண்ணால பாத்ததாலதான் எனக்கு எல்லாம் விளங்குச்சு.”

ஆயா விரிப்பை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நல்லவராட்டம் தெரியறீங்க, மேல சொல்லிடாதீங்க சார். பிள்ளைங்க தினமும் சீட்டுல இருக்கற நம்பரைக் கூட்டிக் கூட்டி முப்பத்தொண்ணு வர்ற வரைக்கும் சீட்டு விளையாடிட்டிருக்கும், இன்னிக்கு உங்களை எழுப்பக் கூடாதுன்னு வாயைத் தொறக்காம விரல்லயே எண்ணுச்சுங்க. இந்த மூணு வருஷத்துல இந்த ரூமுல தூங்கின மொத ஆளு நீங்கதான்.”